சாணம் மெழுகிய மலை

தௌக்கே தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

எங்கள் குடிசைக்கு முன்னால் ஒரு வடிகால் ஓடியது. அதன் மேல் கிடந்த பலகையில் கால் வைத்துத்தான் யாரும் எங்கள் வாசலுக்கு வர முடியும். அன்று வெள்ளிக்கிழமை. விடிந்ததும் பலகையைக் கழுவி, சாணம் கரைத்து மெழுகி, இரண்டு ஓரத்திலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தேன். நடுவில் சின்னதாக ஒரு கோலம். சாணம் பாதிதான் காய்ந்திருந்தது.

அந்தப் பலகையில் ஒரு சீன எழுத்து செதுக்கியிருந்தது. ஆழமான செதுக்கு. எவ்வளவு மெழுகினாலும் பள்ளம் தெரியும். சாய்ந்து விழுந்த காலை வெயிலில் அன்று இன்னும் நன்றாகத் தெரிந்தது.

தௌக்கே என்று நாங்கள் சொன்னது முதலாளியை. பெக்கான் நானாஸ் பக்கத்தில் அன்னாசித் தோட்டமும், அன்னாசியை டின்னில் அடைக்கிற ஆலையும் வைத்திருந்த சீனர். நாங்கள் குடியிருந்த நிலம் அவருடையது. மாட்டுக் கொட்டகையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்ல வந்திருந்தார். கையில் மடக்கிய குடை. காலில் கறுப்புத் துணிச் சப்பாத்து.

அந்தச் சப்பாத்து பலகைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் போனது.

நான் கதவு மறைவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தேன். வேற்று ஆள் வந்தால் எனக்குப் பேச்சு வராது. இன்றும் அதிகம் வராது. அதனால்தான் இந்த வயதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் குனிந்தார். எழுத்தின் மேல் கோட்டில் விரலை வைத்து ஈரச் சாணத்தை வழித்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"சோங்," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

கொட்டகையிலிருந்து என் வீட்டுக்காரர் பால் செம்போடு சிரித்துக்கொண்டே வந்தார். தௌக்கேயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தௌக்கே திரும்பி நடந்தார். வழியோரத்து லாலாங் புல்லில் விரலைத் துடைத்தார். சற்றுத் தள்ளிப் போய் மறுபடியும் துடைத்தார். கண்ணுக்கு மறைகிற வரை துடைத்துக்கொண்டே போனார்.

போக இடமில்லாத காலம்

அது ரப்பர் விலை விழுந்த காலம். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டில் வரிசையாக நிற்கும்போது கங்காணி பெயர் கூப்பிட்டால் வேலை என்று இருந்தது போய், பெயர் கூப்பிட்டால் கப்பல் என்று ஆகிவிட்டது. கூப்பிட்டவர்கள் சட்டி பானையோடு லாரி ஏறினார்கள். லாரி ஜொகூர் பாரு போகும். அங்கிருந்து கடல்பாலம் தாண்டி சிங்கப்பூர். பிறகு ஊருக்கு.

ஊர் என்றால் அவர்களுக்கு ஊர். நான் பிறந்தது ஜொகூரில், ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அப்பாவும் அம்மாவும் இங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்தியாவில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். அவரும் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது.

எங்கள் பெயர் கூப்பிடப்படுவதற்கு முன்பே இவர் எங்களிடம் இருந்த மாடுகளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்னாசி ஆலையில் தோல் மலைபோலக் குவியும். அழுகி நாறும். அதைத் தின்ன மாடு இருந்தால் ஆலைக்கும் நல்லது, மாட்டுக்கும் நல்லது என்று தௌக்கேயிடம் எப்படியோ மலாயில் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். தினமும் காலையில் மாட்டுவண்டியில் தோல் வரும். பதிலுக்கு மாட்டெரு அன்னாசிக் கொல்லைக்குப் போகும். பட்டணத்துத் தேநீர்க் கடைகளுக்கு நாங்கள் பால் ஊற்றினோம்.

அந்தத் தோல் வண்டி வருகிற வரைதான் எங்களுக்கு ஜொகூர். வண்டி நின்றால் மாடு நிற்காது. மாடு போனால் நாங்கள் கப்பல்.

அப்போது என் வயிற்றில் மூத்தவள் இருந்தாள்.

லாலாங்கில் கிடைத்தது

பலகை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் குடிசைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் முன்பு மிளகும், தோல் பதனிட உதவும் கம்பிர்ச் செடியும் பயிரிட்ட சீனர்கள் ஒரு குடியிருப்பு வைத்திருந்தார்களாம். அந்த மாதிரி இடங்களைக் கங்கார் என்பார்கள். கடை, சூதாட்டக் கொட்டகை, சாமி மண்டபம் எல்லாம் ஒரு தலைவர் கையில். அரசாங்கம் அந்த முறையை நிறுத்தியதும் ஆட்கள் கலைந்தார்கள். நாங்கள் போன காலத்தில் அங்கே இடிந்த சுவரும் லாலாங்கும்தான்.

புல் அறுக்கப் போன இவர் ஒரு நாள் அந்தப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கனமான செங்கால் மரம். ஒரு பக்கம் ரம்பத்தால் அறுத்திருந்தது. யாரோ ஒரு பெரிய பலகையை மரத்துக்காகத் துண்டு போட்டு, ஒரு துண்டை விட்டுப் போயிருக்கிறார்கள். "வடிகாலுக்குப் போட்டா பேரப்புள்ள காலம் வரைக்கும் கெடக்கும்," என்றார். அதற்கு முன் இரண்டு மூங்கிலைத்தான் போட்டிருந்தோம். வயிற்றுப் பிள்ளையோடு நான் வழுக்கி விழுந்துவிடுவேன் என்று அவருக்குப் பயம்.

கழுவியபோதுதான் எழுத்து தெரிந்தது. பள்ளத்தில் கொஞ்சம் பொன்னிறம் ஒட்டியிருந்தது. எழுத்தைக் கீழே கவிழ்த்துப் போடலாம் என்றார் இவர். எனக்கு மனம் வரவில்லை. வாசலில் அழகாக ஒன்று இருக்கட்டுமே என்று மேல் பக்கமாகப் போடச் சொன்னேன். அன்றிலிருந்து வெள்ளிதோறும் நிலைப்படிக்குச் செய்வதை எல்லாம் அந்தப் பலகைக்கும் செய்தேன்.

நம் வீட்டில் வாசல் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாணம் தெளிக்காத வாசலில் லட்சுமி கால் வைப்பாளா? ஆனால் தௌக்கேக்கு அதை யார் சொல்வது?

ஆ செங்

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஆ செங் வந்தான். ஆலையில் மேற்பார்வை பார்ப்பவன். தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் அங்கே அன்னாசி சீவியதால் தமிழ் நன்றாகவே பேசுவான். எப்போதும் என் வீட்டுக்காரரைச் சீண்டிக்கொண்டே இருப்பான். "பால்ல தண்ணி ஊத்துறியா, தண்ணியில பால் ஊத்துறியா?" என்று கேட்பான். அன்று சீண்டவில்லை. வடிகாலைத் தாண்டாமல் அந்தப் பக்கமே நின்றான்.

"என்னாய்யா செஞ்சிங்க நீங்க?" என்றான். "அது அவங்க மண்டபத்துப் பேருப் பலகை. அவரு அப்பா கூலியா வந்து ஏறின மண்டபம். செத்தப்புறம் அப்பா பேரு எழுதின கட்டையும் அங்கதான் இருந்திச்சு. அதுல மாட்டுப் பீயப் பூசி, காலால மிதிக்கப் போட்டிருக்கிங்க."

இவர் தெரியாது என்று சொன்னார். சாமி சத்தியமாகத் தெரியாது என்றார். ஆ செங் தலையை ஆட்டினான்.

"தெரியாதுன்னு நான் சொன்னேன்லா. அவரு கேக்கல. நாளைக்குத் தோல் வண்டி வராது. டின் ஏத்திக்கிட்டு ஜொகூர் பாரு போற லாரி வரும். நீங்களும் ஏறிக்கணும்."

"மாடு?"

"மாட்ட வித்துக்கிங்க. இல்ல இங்கயே கட்டிப் போட்டுட்டுப் போங்க. பலகைய எடுக்க நான் சாயங்காலம் ஆள் அனுப்புறேன். அதுவரைக்கும் ஒரு கால் அது மேல படக் கூடாது."

அவன் போன பிறகு இவர் வெட்டுக்கத்தியை எடுத்தார். பலகையைப் பிளந்து மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சுகிற அடுப்பில் வைத்துவிட்டால் பேச்சே முடிந்தது என்றார். கோபத்தை விடப் பயம்தான் அதிகம். நான் பலகையின் மேல் உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன். அதுவும் கூடாது என்று உடனே தோன்றியது. இவருக்கும் பலகைக்கும் நடுவில் வடிகாலுக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றேன்.

ஓர் எழுத்தின் உயரம்

அந்தத் தண்ணீரில் என்னைக் கொஞ்சம் நிற்க விடுங்கள். அந்த எழுத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு அதில் ஒரு கோடுகூடப் புரியாது. நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு. இப்போது எழுதுவதெல்லாம் வெகு காலம் கழித்து ஜொகூர் பாருவில் எனக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த ஆ லான் சொன்னவை. அவளும் பெக்கான் நானாஸ்காரி. சீனப் பள்ளியில் படித்து முடித்தவள். அவளுக்குத் தெரியாததை ஆசிரியராக இருந்த அவள் அண்ணனிடம் கேட்டு வந்து சொல்வாள். தப்பு இருந்தால் நான் புரிந்துகொண்டதில்தான் இருக்கும்.

துணியில் அளவு குறிக்கும் சுண்ணாம்புக் கட்டியால் மேசையில் எழுதிக் காட்டினாள். மேலே மூன்று சிகரம் உள்ள ஒரு மலை. அதன் கீழே ஒரு கூரை. கூரைக்குள் ஒரு பலிபீடம். கூரையும் பீடமும் சேர்ந்தால் முன்னோரைக் கும்பிடும் வீடு. அதன் தலையில் மலையை வைத்தால் சோங். கீழ்ப் பாதி சத்தத்துக்கு, மேல் பாதி அர்த்தத்துக்கு என்பது படித்தவர்கள் கணக்காம். ஆ லான் ஒப்புக்கொள்ள மாட்டாள். "முன்னோர் வீட்ட சும்மா சத்தத்துக்கா வெப்பாங்க, அக்கா?" என்பாள்.

உயரம் என்பதற்கு அவர்களிடம் சாதாரணமாக வேறோர் எழுத்து இருக்கிறது. உயரமான ஆள், உயர்ந்த விலை, உயரமான தென்னை எல்லாவற்றுக்கும் அதுதான். தென்னைக்கு யாரும் சோங் போட மாட்டார்கள். வெகு பழைய காலத்துச் சொற்பொருள் நூல்களில் மலைகளுக்கு வகை வகையாகப் பெயர் வைத்திருக்கிறார்களாம். சின்னதாக, ஆனால் உயரமாக இருக்கும் மலைக்கு ஒன்று. பெரிதாகவும் உயரமாகவும் இருக்கும் மலைக்கு இந்த எழுத்து. உயரம் மட்டும் போதாது, பருமனும் வேண்டும்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. தச்சர்களுக்கும் கொல்லர்களுக்கும் அளவு சொல்கிற பழைய எழுத்துகளில் இதே சோங் வருகிறதாம். மண்டபத்தின் மேடை இத்தனை அடி சோங் என்று. அங்கே பெருமை ஒன்றும் இல்லை. தரையிலிருந்து எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பது மட்டும். அப்புறம்தான் அது மனிதர்களிடம் வந்திருக்கிறது. ஒருவரை மனத்தில் தூக்கி வைப்பது, மதிப்பது, நல்ல குணத்தை வளர்த்துக்கொள்வது எல்லாம் சோங் ஆயிற்று. ஆசானும் மாணவரும் பேசுகிற பழைய பேச்சுகளில் அப்படித்தான் வருமாம். பள்ளிக்கும் மண்டபத்துக்கும் பெயர் வைக்கிறவர்கள் அதனால்தான் இதைத் தேடி எடுத்தார்கள்.

பிறகு மலைப் பயணம் எழுதியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெரிய மலையும் செங்குத்தான முகடும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது இன்றும் பள்ளிப் பிள்ளைகள் கட்டுரை வரை வழக்கம் என்றாள். நம்மிடமும் உயர்வு என்ற சொல் மரத்துக்கும் வருகிறது, மனிதருக்கும் வருகிறது. எல்லா ஊரிலும் மனிதன் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் மதிக்கக் கற்றிருக்கிறான் போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மிகப் பழைய பாட்டுகளில் இந்த எழுத்தைக் காலை என்ற எழுத்தோடு சேர்த்தால் ஒரு காலைப்பொழுது முழுக்க என்று பொருளாம். விடிந்ததிலிருந்து காலைச் சாப்பாடு வரை. மலைக்கும் காலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அண்ணன்காரர், அது வேறோர் எழுத்துக்குப் பதிலாக நின்றது என்றாராம். ஆ லானுக்கு அதிலும் சம்மதமில்லை. "உச்சிக்குப் போயிட்டா அதுக்கு மேல போக முடியாதில்ல? அங்க முடிஞ்சிச்சு. காலையும் அப்படித்தான் முடியுது," என்றாள். அவள் சொன்னது சரியோ தவறோ, எனக்கு லாரிக்குக் காத்திருந்த அந்தச் சனிக்கிழமைக் காலை நினைவு வந்துவிட்டது. தைக்கக் கொடுத்த துணியை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தலையில்

வடிகாலுக்குள் நின்றபடியே பலகையைக் கழுவினேன். சாணம், மஞ்சள், கோலம் எல்லாம் தண்ணீரோடு போயின. பழைய புடவையைச் சுருட்டிச் சும்மாடு கட்டினேன்.

"என்னா செய்யிற?" என்றார் இவர்.

"கொண்டு போயி குடுத்துட்டு வர்றேன்."

"யாரு? நீயா? நீ பேசி நானே சரியாக் கேட்டதில்ல. தௌக்கேகிட்ட நீ என்னாத்தப் பேசுவ?"

தானே போவதாகச் சொன்னார். அவர் போனால் கத்துவார், இல்லை காலில் விழுவார். இரண்டில் எது நடந்தாலும் லாரிதான் என்று எனக்குப் பட்டது. மெழுகியது நான். எதற்கு மெழுகினேன் என்பதும் எனக்குத்தான் தெரியும். இதை எல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "தூக்கி விடுங்க," என்று மட்டும் சொன்னேன்.

எழுத்து வானத்தைப் பார்க்கிற மாதிரி தலையில் ஏற்றிவிட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரி என்று முனகிக்கொண்டே கொஞ்ச தூரம் பின்னால் வந்தார். மாடு கத்தியதும் நின்றுவிட்டார்.

செம்மண் பாதையில் போய்ப் பட்டணத்துக் கடைவீதிக்குள் நுழைய வேண்டும். உச்சி வெயில் நெருங்கிவிட்டது. காப்பிக்கடை மாடியில் துணி உலர்த்திய பெண் ஒருத்தி குனிந்து பார்த்தாள். தெருவில் நிற்பவர்களுக்கு என் தலையில் இருப்பது வெறும் பலகை. மாடியில் நின்றவளுக்குத்தான் எழுத்து தெரிந்திருக்கும். உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டாள். ஒன்றன் பின் ஒன்றாக ஜன்னல்கள் திறந்தன. என் பின்னால் பேச்சுச் சத்தம் எழுந்தது. கழுத்தைத் திருப்ப முடியாது. காலைப் பார்த்து நடந்தேன்.

ஆலையில் அன்னாசி வேகிற இனிப்பு மணம் குமட்டியது. சீவிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் கத்தியை நிறுத்தினார்கள். ஒருத்தி, "இந்த ஊமச்சி எங்கடி போறா?" என்றது காதில் விழுந்தது.

தௌக்கே வீடு ஆலைக்குப் பின்னால். கதவு திறந்திருந்தது. உள்ளே சிவப்புப் பீடத்தில் ஊதுபத்தி புகைந்தது. அவர் முன்கூடத்து நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

உயரமான நிலைப்படிக்கு வெளியே நின்றேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பலகையை எங்கே இறக்குவது? தரையில் வைக்கக் கூடாது. சுவரில் சாய்த்தாலும் அடி தரையில்தான் படும். இறக்கு என்று அவரும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

கழுத்து நரம்பு இழுத்தது. வியர்வை நெற்றித் திருநீற்றைக் கரைத்துக்கொண்டு கண்ணுக்குள் இறங்கியது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. கை நடுங்க ஆரம்பித்ததும் பலகையும் நடுங்கியது. இறக்கி வைத்தால் எல்லாம் முடிந்தது என்று மட்டும் தெரிந்தது.

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. தௌக்கே நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தார். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து என் தலையிலிருந்து தூக்கினார். அவரும் இளவயசுக்காரர் இல்லை. தடுமாறிக்கொண்டே உள்ளே கொண்டுபோய் மேசைமேல் வைத்தார்.

சாமா

அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சந்தை மலாயில் கொஞ்சம்தான் வரும். அதனால் பேச்சு சுருக்கமாகவே இருந்தது.

ஏன் இதில் மாட்டுச் சாணி என்று கேட்டார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சுத்தம், சாமி, வெள்ளிக்கிழமை, லட்சுமி. எதற்கும் எனக்கு மலாய்ச் சொல் வரவில்லை. மறுபடி வாய்க்குப் போயிருந்த முந்தானையை எடுத்தேன். நெற்றியில் மிச்சமிருந்த திருநீற்றை விரலால் தொட்டு நீட்டினேன்.

"இனி பூன் தாஹி லெம்பு, தௌக்கே." இதுவும் மாட்டுச் சாணம்தான் என்றேன். சுட்டுச் சாம்பலாக்கியது என்பதற்குப் "பாக்கார்" என்று ஒரு சொல். தினமும் பூசுகிறோம் என்பதற்கு "ஹாரி ஹாரி". பிறகு நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். மேசைமேல் இருந்த பலகையைக் காட்டினேன்.

"சாமா," என்றேன். இரண்டும் ஒன்று.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். தமிழர்கள் நெற்றியில் வெள்ளையாக அவர் எத்தனை காலம் பார்த்திருப்பார். அது எதிலிருந்து வருகிறது என்று அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"சாமா?"

"சாமா, தௌக்கே."

பிறகு தன் சப்பாத்தைக் காட்டினார். "காக்கி?" என்றார். அப்படியானால் கால்?

அதைத்தான் கேட்டுவிடக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன். யாரும் மிதிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில் அவரே மிதிக்கப் போனவர்தான்.

ஆமாம், கால் வைக்கிற இடம்தான் என்று தலையசைத்தேன். பிறகு குனிந்து, அவர் வீட்டு நிலைப்படியைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். எங்களுக்கு வாசல் அப்படி என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர்களும் நிலைப்படியை மிதிக்க மாட்டார்கள், தாண்டித்தான் போவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகையின் பக்கம் திரும்பி, எழுத்தின் மேல் பாதியைச் சட்டைக் கைநுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாலேக், தங்காச்சி," என்றார். வீட்டுக்குப் போ.

அவ்வளவுதான். லாரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்க எனக்கு இருந்த பேச்செல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

ஒரு காலை முழுக்க

மறுநாள் சட்டி பானையை மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தோம். இவர் மாடுகளைத் தடவிக்கொண்டே இருந்தார். பால் கறக்கவில்லை. "கறந்து யாருக்கு ஊத்த?" என்றார்.

வடிகாலின் மேல் பலகை இல்லை. பழைய மூங்கில் இரண்டும் கிடந்தன. நான் இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தேன்.

தோல் வண்டி வழக்கமாக வருகிற நேரம் வந்தது, போனது. மாடுகள் பாதையைப் பார்த்துக் கத்தின. அவற்றுக்கு நேரம் தெரியும். அடுப்பு மூட்டவில்லை. இவர் ஒரு தடவை, "நீ அவருகிட்ட என்னாதான் சொன்ன?" என்றார். சொன்னேன். திருநீற்றையா அப்படிச் சொன்னாய் என்று திட்டினார். பிறகு அவரே, "பொய் இல்லியே," என்றார்.

வெயில் ஏறியது. அப்போது லாரிச் சத்தம் கேட்டது.

இவர் எழுந்து நின்றார். நான் மூட்டை முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். வளைவில் செம்மண் புழுதி கிளம்பியது. லாரி தெரிந்தது. பின்னால் டின் பெட்டிகள். எங்கள் பாதை பிரிகிற இடத்தில் வேகம் குறைந்தது. ஓட்டுநர் தலையை நீட்டி எங்கள் குடிசையைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் மறுபடி ஏறியது. மெல்ல மெல்ல ஜொகூர் பாரு பக்கமாகத் தேய்ந்தது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஓட்டுநர் மறந்துவிட்டாரோ, திரும்பி வருவாரோ என்று இருந்தது. புழுதி முழுக்க அடங்கிய பிறகுதான் மாட்டு மணி கேட்டது. வண்டி வளைவில் திரும்புவதற்கு முன்பே எங்கள் மாடுகள் கயிற்றை இழுத்தன.

வண்டிக்காரர் ஒரு ஜாவாக்காரர். தோல் குவியலின் மேல் ஒரு பலகை கிடந்தது. வடிகாலின் அகலத்துக்குச் சரியாக அறுத்தது. தௌக்கே கொடுத்தார் என்று சொல்லி மூங்கிலை எடுத்து வீசிவிட்டு அவரே அதைப் போட்டார். மேலே ஏறி ஒரு தடவை மிதித்துப் பார்த்தார்.

புது மரம். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எழுத்து எதுவும் இல்லை.

அன்று சனிக்கிழமைதான். நான் வெள்ளி வரை காத்திருக்கவில்லை. சாணம் கரைக்கப் போனேன்.